லிஸ்ட்ல பேரு எழுதறது யாரு? டர்பன்லேர்ந்து அக்கா மகளுக்கு ஒரு பதில்

அக்கா மக காலேஜ்ல அரசியல் அறிவியல் படிக்கிறா. ப்ராஜெக்ட்டுக்குன்னு எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தா. "சித்தி, தமிழ்நாட்டு சட்டசபைல 234 பேர்ல 2021-ல ஜெயிச்ச பெண்கள் 12 பேருதான். நீ இருக்கற நாட்டுல பார்லிமென்ட்லயும் மாகாண சபைங்கள்லயும் பாதி கிட்ட பெண்கள்தானாமே. அங்க மட்டும் ஆம்பளைங்க ரொம்ப நல்லவங்களா? இல்ல நம்ம கலாச்சாரம்தான் நம்மள வர விடாம பண்ணுதா?" இத போன்ல சொல்லி முடிக்க முடியாதுன்னு தோணிச்சு, இதே சந்தேகம் வேற பல பேருக்கும் இருக்கும், அதனால எழுதியே வெச்சிடறேன்.

நான் 1999-ல கல்யாணமாகி தென்னாப்பிரிக்கால இருக்கற டர்பன் வந்தவ. வீட்டுக்காரர் குடும்பம் நாலு தலைமுறையா இந்த ஊர்ல இருக்கறவங்க, வீடு இந்தியர்கள் அதிகமா இருக்கற சாட்ஸ்வொர்த்ல. சனிக்கிழமைகள்ல ஒரு கோயில் ஹால்ல பசங்களுக்கு தமிழ் சொல்லித்தரேன். ரெண்டு ஊரு ஆம்பளைங்களையும் பாத்தாச்சு, ரெண்டு ஊரு மாமியாருங்களையும் பாத்தாச்சு. அத வெச்சு சொல்றேன், இங்க இருக்கறவங்க நம்ம ஊர விட நல்லவங்கல்லாம் கிடையாது கண்ணு. இங்கத்திய சூலு இனத்துக்காரங்க வீட்டுல இன்னிக்கும் லொபோலா, அதாவது பொண்ணு வீட்டுக்கு குடுக்கற பரிசம், குடுத்துதான் பொண்ணு எடுக்கறாங்க, கிராமங்கள்ல இன்கோசி, அதாவது இனத் தலைவர், சொன்னா சொன்னதுதான். பெண்கள அடிக்கறதுலயும் கொல்றதுலயும் இந்த நாட்டுக்கு இருக்கற கெட்ட பேரு உனக்கே தெரியும். அப்படிப்பட்ட ஊர்ல சபைல பாதி கிட்ட பெண்கள் உக்காந்திருக்காங்கன்னா, கலாச்சாரம் மட்டும்தான் காரணம்னு சொல்றது சரியா வரல பாரு.

கணக்க எடுத்துக்க. 1994-க்கு முன்னாடி வெள்ளக்காரங்க ஆட்சியில இருந்த பார்லிமென்ட்ல பெண்கள் வெறும் 2.7 சதவீதம். 1994 ஏப்ரல்ல எல்லா நிறத்தவரும் ஓட்டு போட்ட முதல் பொதுத்தேர்தல் நடந்து முடிஞ்சப்போ 400 பேர்ல கால்வாசிக்கும் மேல பெண்கள். ஒரே தேர்தல். ஒரே ராத்திரியில எந்த ஊர்லயும் கலாச்சாரம் மாறாது. முந்தின வாரம் வரைக்கும் பொண்டாட்டிய மீட்டிங்குக்கு அனுப்பாதவன் அந்த வாரம் திருந்திட்டானா என்ன? மாறினது வேற. அப்பறம் 2004-ல மூணுல ஒரு பங்கு கிட்ட வந்திச்சு, 2009-ல 40 சதவீதத்த தாண்டிச்சு, 2019-ல கிட்டத்தட்ட 46. 1994-லேர்ந்து இன்னிக்கு வரைக்கும் பார்லிமென்ட் சபாநாயகர் நாற்காலில உக்காந்த ஒரே ஆம்பள மேக்ஸ் சிசுலு, அதுவும் 2009-லேர்ந்து 2014 வரைக்கும்தான். முதல் ஆளா உக்காந்தது ஃப்ரெனே ஜின்வாலா, இந்திய வம்சாவளி பார்சி அம்மா, பத்து வருஷம் இருந்தாங்க. இப்ப தோகோ திதிசா இருக்காங்க.

இது எப்படி நடந்திச்சுன்னா, இங்க பார்லிமென்ட்டுக்கும் ஒன்பது மாகாண சபைக்கும் நம்ம ஊரு மாதிரி தொகுதிக்கு ஒரு ஆளுன்னு கிடையாது. பெரும்பாலும் நீ கட்சிக்குத்தான் ஓட்டு போடற. கட்சி முன்னாடியே ஒரு லிஸ்ட் குடுத்திருக்கும், ஒண்ணாம் நம்பர் இவரு, ரெண்டாம் நம்பர் இவங்கன்னு. கட்சிக்கு எத்தன சதவீதம் ஓட்டு விழுதோ சபைல அத்தன சதவீதம் சீட்டு, அதுக்கு லிஸ்ட்ல மேலேர்ந்து வரிசையா ஆளுங்க உள்ள போவாங்க. அந்த வரிசைய ஓட்டர் மாத்த முடியாது. மண்டேலாவோட கட்சியான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் 1994-ல லிஸ்ட்ல 30 சதவீதம் பெண்கள்னு ஒரு விதி போட்டுச்சு, 2007-ல பொலொக்வானே மாநாட்டுல அத பாதிக்குப் பாதின்னு ஆக்கிச்சு. பெரிய கட்சி அதுதான்ங்கறதால அவங்க லிஸ்ட் மாறினதும் சபையே மாறிடுச்சு. அவ்வளவுதான் மேட்டர். ஓட்டு போட்டவன் "நான் ஒரு பொம்பளைக்கு ஓட்டு போடறேன்"னு நெனச்சு போடல, மண்டேலாவுக்கு போட்டான், அந்த ஓட்டுல மூணுல ஒண்ணு ஒரு பெண்ண தூக்கிட்டு போய் உள்ள உக்கார வெச்சுது.

"அப்ப கட்சிக்காரங்க நல்லவங்கதானே சித்தி"ன்னு கேப்ப. இல்ல. கட்சி மேல இருந்த தடை நீங்கின பிறகு நாட்டுக்குள்ள நடந்த அவங்க முதல் தேசிய மாநாடு 1991 ஜூலைல இங்க டர்பன்லதான் நடந்திச்சு, டர்பன் வெஸ்ட்வில் யுனிவர்சிட்டில, அது நம்ம இந்தியப் பிள்ளைங்களுக்குன்னு அந்தக் காலத்து அரசாங்கம் தனியா கட்டி வெச்ச யுனிவர்சிட்டி. அங்க பெண்கள் அணி எழுந்து நின்னு செயற்குழுவுல 30 சதவீதம் எங்களுக்கு வேணும்னு கேட்டாங்க. பெரிய வாக்குவாதம். கிடைக்கல. ஜெயிலுக்கு போனவங்க, நாடு கடத்தப்பட்டவங்க, புருஷன தூக்குமேடைக்கு குடுத்தவங்க எல்லாம் இருந்த கட்சியே அன்னிக்கு மாட்டேன்னுதான் சொல்லிச்சு. அந்தத் தோல்விக்கு அப்பறம்தான் 1992-ல கட்சி, நிறம், மதம்னு பாக்காம பெண்கள் எல்லாரும் சேந்து தேசிய மகளிர் கூட்டணின்னு ஒண்ண ஆரம்பிச்சாங்க, ஜின்வாலாதான் முன்னால நின்னாங்க. நம்ம டர்பன் பொண்ணு நவநீதம் பிள்ளையும் அதுல உண்டு, க்ளேர்வுட்ல பஸ் டிரைவர் மக, 1967-ல டர்பன் இருக்கற நட்டால் மாகாணத்துல சொந்தமா வக்கீல் ஆபீஸ் தொறந்த முதல் பெண், பின்னாடி ஐநா மனித உரிமை ஆணையரா ஆனாங்க. அரசியல் சட்டத்துல ஆண் பெண் சமத்துவப் பிரிவு வரணும்னு பாடுபட்டவங்க. புது அரசியல் சட்டத்துக்காக நடந்த 1993 பேச்சுவார்த்தைல ஒவ்வொரு கட்சியும் அனுப்பற ரெண்டு பேர்ல ஒருத்தர் கண்டிப்பா பெண்ணா இருக்கணும்னு அடிச்சு பேசி வாங்கினாங்க. 1991-ல இல்லன்னு சொன்ன கட்சி 1994-ல ஆமான்னு சொன்னதுக்கு காரணம் இந்த மூணு வருஷ நெருக்கடிதான்.

இப்ப நம்ம ஆளுங்க கதைக்கு வரேன், இத கொஞ்சம் நிதானமா சொல்லணும், ஏன்னா என் மனசுல ரொம்ப நாளா கெடக்கறது இது.

நம்ம ஊர்லேர்ந்து தில்லையாடி பஸ்ல ஒரு மணி நேரம். சின்னப்புள்ளைல வள்ளியம்மையப் பத்தி பாடத்துல படிச்சிருக்கோம், காந்தி கூட ஜெயிலுக்கு போன பொண்ணுன்னு, அதோட முடிஞ்சிச்சு. இங்க வந்த பிறகுதான் முழுசா தெரிஞ்சுது. 1913 மார்ச்ல கேப் டவுன் கோர்ட்டுல சேர்ல்னு ஒரு நீதிபதி கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணம் செல்லாதுங்கற மாதிரி தீர்ப்பு எழுதிட்டாரு. தாலி கட்டி வாழ்ந்த அத்தன பேரும் சட்டப்படி பொண்டாட்டியே இல்ல. ஏற்கனவே ஒப்பந்தம் முடிஞ்ச கூலிக்காரங்க தலைக்கு வருஷம் 3 பவுண்டு வரி கட்டணும்னு வேற இருந்திச்சு, பெண்களுக்கும் சேத்துதான். ஒப்பந்தத்துல வந்த பெண்களுக்கு கூலி ஆம்பளைங்களுக்கு குடுக்கறதுல பாதி, வரி மட்டும் முழுசு. அப்பத்தான் ஜோஹானஸ்பர்க் பக்கம் இருந்த பெண்கள், பெரும்பாலும் தமிழச்சிங்க, கைப்புள்ளையோட கெளம்பினாங்க. அனுமதி இல்லாம நட்டால் எல்லைய தாண்டி கைதாகணும்னு போனா, புடிக்க மாட்டேன்னுட்டாங்க போலீஸ்காரங்க. நேரா நியூகாசில் போனாங்க, நிலக்கரி சுரங்க லைன்ல போய் கூலிக்காரங்ககிட்ட பேசினாங்க, வேல நின்னுச்சு. அக்டோபர் 21-ம் தேதி அவங்கள புடிச்சு மூணு மாசம் போட்டாங்க. அந்த ஸ்ட்ரைக்தான் நவம்பர்ல பெரிய நடைப்பயணமா ஆச்சு, 2,037 ஆம்பளைங்க, 127 பெண்கள், 57 குழந்தைங்க. வழில ரெண்டு கைக்குழந்தை செத்துப் போச்சு, தாய்ங்க நிக்கல, நடந்தாங்க. வள்ளியம்மை அடுத்த குழுவோட போனவ, அம்மாவோட, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஜெயில்ல காய்ச்சல்ல விழுந்து, 1914 பிப்ரவரி 22 அன்னிக்கு 16 வயசுல போய்ட்டா.

அந்த நியூகாசில் பெண்கள் பட்டியல் இருக்கு. காந்தியே எழுதி வெச்சிருக்காரு. படிச்சு பாரு. திருமதி தம்பி நாயுடு. திருமதி என். பிள்ளை. திருமதி கே. முருகேச பிள்ளை. திருமதி பெருமாள் நாயுடு. திருமதி சின்னசாமி பிள்ளை. கிட்டத்தட்ட எல்லாம் புருஷன் பேரு. ஒரு வகுப்புல இத போர்டுல எழுதிப் போட்டப்போ பத்து வயசு பொண்ணு ஒருத்தி எழுந்து "டீச்சர், இவங்க பேரு என்ன?"ன்னு கேட்டா. நான் "திருமதி சின்னசாமி பிள்ளை"ன்னு திரும்பவும் சொன்னேன். "இல்ல டீச்சர், அவங்க பேரு?" அன்னிக்கு நைட்டு எனக்கு தூக்கம் வரல. ஒரு மாகாணத்தோட சுரங்கத்தையே நிறுத்தினவங்க, லிஸ்ட் எழுதினப்போ வீட்டுக்காரரு பேருதான் ஏறிச்சு. எழுதினவருக்கு அவங்க மேல எவ்வளவோ மரியாதை உண்டு, அது எனக்கு தெரியும், ஆனாலும் அப்படித்தான் எழுத வந்திருக்கு. பெண்கள் போராட வரமாட்டாங்க, ரோட்டுக்கு வரமாட்டாங்க, பயப்படுவாங்கன்னு யாராவது சொன்னா இந்த பட்டியல காட்டு. வந்தாங்க. 1946-லயும் வந்தாங்க, இந்தியர்கள் எங்க நிலம் வாங்கலாம், எங்க குடியிருக்கலாம்னு கட்டுப்படுத்தின கெட்டோ சட்டத்த எதுத்து டர்பன் அம்பிலோ ரோடு முனைல டென்ட் போட்டு நின்னப்போ டாக்டர் குணம் மாதிரி படிச்சவங்களும் ஜெயிலுக்கு போனாங்க, கூலி வேல பாத்தவங்களும் போனாங்க. 1956 ஆகஸ்ட் 9 அன்னிக்கு கறுப்பினப் பெண்களும் பாஸ் வெச்சிருக்கணும்ங்கற சட்டத்த எதுத்து பிரிட்டோரியால 20,000 பெண்கள் ஊர்வலமா போனப்போ முன்னாடி நின்ன நாலு பேர்ல ரஹிமா மூசாவும் ஒருத்தங்க. வர்றதுல கொறை இல்ல. வந்தவங்க பேரு எங்க ஏறுதுங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

உன் கேள்வில சமூகக் காரணம்னு கேட்டிருந்தல்ல, அதுல ஒண்ணு யாரும் அதிகம் பேசாதது. இந்தியர்கள டர்பன்ல கேட்டோ மேனர் மாதிரி இடங்கள்லேர்ந்து பிடுங்கி 1960-கள்ல சாட்ஸ்வொர்த்ல கொண்டு போட்டாங்க, நிறத்துக்கு ஒரு ஏரியான்னு பிரிச்ச குரூப் ஏரியாஸ் சட்டத்தால. தோட்டம் போச்சு, கூட்டுக் குடும்பம் உடைஞ்சுது, ரெண்டு ரூம் வீட்டுக்கு வாடக கட்டணும், ஆம்பள சம்பளம் பத்தல. அப்பத்தான் மாமியாருங்களே மருமகளுங்கள துணி ஃபேக்டரிக்கு அனுப்பினாங்க. என் மாமியாரும் அப்படி போனவங்கதான். காலைல இருட்டுல பஸ் ஏறி சாயங்காலம் இருட்டுல வர்றது. அந்த ஃபேக்டரில யூனியன் இருந்திச்சு, மீட்டிங் இருந்திச்சு, மைக் புடிச்சு பேசற பழக்கம் வந்திச்சு. பிரெக்ஸ் கோவிந்தர்னு ஒருத்தங்க, டர்பன் பொண்ணு, துணித் தொழிலாளர் யூனியன்ல கல்வி வேல பாத்து, அப்பறம் மகளிர் கூட்டணில வேல பாத்து, 1994-ல எம்.பி ஆனாங்க. சபையோட பெண்கள் நிலை கண்காணிப்புக் குழுவுக்கு தலைவரா இருந்தாங்க, பட்ஜெட்ல பெண்களுக்கு எவ்வளவு போகுதுன்னு பிரிச்சு காட்டணும்னு வேல செஞ்சவங்க. 1998-ல குடும்ப வன்முறைச் சட்டம், ஜீவனாம்சச் சட்டம், வழக்கமுறைத் திருமணங்களுக்கான சட்டம் மூணும் ஒரே வருஷத்துல வந்துச்சுன்னா உள்ள அந்த மாதிரி ஆளுங்க உக்காந்திருந்ததுதான் காரணம்னு நான் நம்பறேன். எண்ணிக்க வெறும் எண்ணிக்க இல்ல. சபைக்குள்ள குழந்தைங்கள பாத்துக்க ஒரு இடமும் வந்திச்சு, பள்ளிக்கூட லீவுக்கு ஏத்த மாதிரி சபை நாளையும் மாத்தினாங்க. சின்ன விஷயம் மாதிரி தெரியும், புள்ள இருக்கறவளுக்கு அதுதான் பெருசு.

ஆனா அதே பிரெக்ஸ் கோவிந்தர் கதைலதான் லிஸ்ட்டோட இன்னொரு பக்கமும் இருக்கு. 2001-ல ஆயுதக் கொள்முதலுக்கு காசு ஒதுக்கறத ஆளுங்கட்சி எம்.பிங்கள்ல எதுத்துப் பதிவு பண்ணது அவங்க ஒருத்தங்கதான். எய்ட்ஸ் மருந்து விஷயத்துலயும் அரசாங்கத்துக்கு எதிரா பேசினாங்க. 2002-ல பதவிய விட்டு வெளிய வந்துட்டாங்க. தொகுதி இருந்தா ஜனங்ககிட்ட போய் நிக்கலாம், இங்க அது இல்ல, லிஸ்ட் போடறவங்க பேர அடிச்சா அடிச்சதுதான். வாசல தொறந்து விடற அதே கை வாயையும் பொத்த முடியும். கோட்டா வந்தா எல்லாம் சரியாயிடும்னு நீ எழுதிடக்கூடாதுங்கறதுக்காகத்தான் இத சொல்றேன். இன்னொண்ணு, பாதிக்குப் பாதிங்கறது கட்சி தானா வெச்சுக்கிட்ட விதி, பார்லிமென்ட்டுக்கு சட்டமா இல்ல. 2024-ல அந்தக் கட்சி 40 சதவீதத்துக்கு இறங்கிச்சு, சபைல பெண்கள் பங்கும் கூடவே கொஞ்சம் இறங்கிச்சு. நம்ம குவாசூலு நட்டால் மாகாணத்துல முதல் பெண் முதல்வர் நொமுசா டூபே இன்குபே வந்ததே 2022-லதான், 2024 தேர்தலோட அதுவும் முடிஞ்சுது.

லிஸ்ட்டு இல்லாத இடத்துல என்ன ஆகுதுன்னு பாக்கணும்னா முனிசிபாலிட்டிய பாரு. அங்க பாதி சீட் லிஸ்ட்டு, பாதி சீட் வார்டு. லிஸ்ட்ல பெண்கள் நெறைய வராங்க, வார்டுல அந்த அளவுக்கு வர மாட்டேங்கறாங்க. ஒரே ஊரு, ஒரே ஜனங்க, ஒரே கலாச்சாரம், ஒரே நாள் ஓட்டு. இத விட தெளிவா ஒரு சான்று உனக்கு எங்க கிடைக்கும்? வார்டுன்னா ஒரே சீட்டுக்கு அடிதடி, அதுல கட்சிக்காரன் "ஜெயிக்கற ஆளு"ன்னு யார சொல்றான், கார் வெச்சிருக்கறவன, ராத்திரி பத்து மணிக்கு மீட்டிங் முடிச்சு தனியா வீட்டுக்கு போகக்கூடியவன. அதுலயும் எங்க மாகாணத்துல கவுன்சிலர் சீட்டுக்காக ஆள சுட்டுக் கொல்றது சாதாரணமா நடந்திருக்கு, அத விசாரிக்க 2016-ல மொராணே கமிஷன்னு ஒண்ணே போட வேண்டி வந்துச்சு. எந்த அம்மா தன் பொண்ண அனுப்புவா?

இங்கதான் நீ சொல்ற கலாச்சாரம் வருது, அது பொய்னு நான் சொல்லவே இல்ல. எங்க பக்கத்து தெருவுல ஒரு ஆன்ட்டி, ஃபேக்டரில 30 வருஷம் ஷாப் ஸ்டுவர்ட்டா, அதாவது தொழிலாளிங்களோட யூனியன் பிரதிநிதியா, இருந்தவங்க. ஃப்ளாட்டுல வாடக பாக்கின்னு ஆளுங்கள வெளிய தூக்கிப் போட வந்தப்போ படிக்கட்டுல உக்காந்து மறிச்சவங்கள்ல ஒருத்தங்க. எந்த வீட்டுல யாருக்கு பென்ஷன் வரல, யாருக்கு டயாலிசிஸ், எல்லாம் மனப்பாடம். வார்டு தேர்தல் வந்தப்போ கட்சி பிராஞ்ச்ல பேரு குடுக்கறேன்னாங்க. அந்த மீட்டிங் ராத்திரி ஏழரைக்கு. பேரன் பேத்தி வீட்டுல, மருமக நைட் ஷிஃப்ட்டு. ரெண்டு மீட்டிங் போனாங்க, மூணாவதுக்கு போக முடியல, அன்னிக்குத்தான் பேர முடிவு பண்ணாங்க. அவங்க பேருக்கு பதிலா வந்தவரு அந்தத் தெருவுக்கு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. யாரும் அவங்கள வேண்டாம்னு சொல்லல. ஏழரைக்கு மீட்டிங் வெச்சதே போதுமானதா இருந்திச்சு.

கோயில்லயும் இதேதான். ஆடி மாசம் மாரியம்மனுக்கு கஞ்சி, இங்க பாரிட்ஜ் ப்ரேயர்னு சொல்லுவாங்க, தைப்பூசக் காவடி, ஈஸ்டர் சமயத்துல மவுன்ட் எட்ஜ்கோம்ப் திருவிழா, எதுக்கு போனாலும் ஆயிரக்கணக்குல ஆளுங்களுக்கு சோறு வடிக்கறது பெண்கள். கணக்கு எழுதறது, காசு வசூல் பண்றது, ஆள் புடிக்கறது எல்லாம் அவங்கதான். கமிட்டி போட்டோ எடுத்தா பதினோரு ஆம்பள. எங்க ஹால் இருக்கற கோயில்ல நாலு வருஷம் கேட்டு ரெண்டு பேர உள்ள சேத்தோம், அதுல ஒருத்தங்கள டீ செலவுக்கு பொறுப்பா போட்டாங்க. அரசியல்ங்கறது இந்த மாதிரி இடங்கள்லதான் பழகறது, கமிட்டில உக்காந்து ஒரு தீர்மானத்துக்கு கை தூக்கிப் பழகாதவ நேரா சட்டசபைல போய் எப்படி தூக்குவா? இந்த நாட்டுல நம்ம இந்திய ஆளுங்க மூணு சதவீதத்துக்கும் கீழ, அதுலயும் பெண்ணா இருந்து மேல போனவங்கள எடுத்துப் பாத்தா யூனியன், போராட்டம், வக்கீல் தொழில்னு வேற எங்கயோ பழகி வந்தவங்கதான் அதிகம். இன்னொரு வழி குடும்ப வழி. கணவர் அமிசந்த் ராஜ்பன்சி 2011 டிசம்பர்ல இறந்த பிறகு மைனாரிட்டி ஃப்ரண்ட் கட்சிய ஷமீன் டாக்கூர் ராஜ்பன்சி நடத்தினாங்க, மாகாண சபைல உக்காந்தாங்க. தமிழ்நாட்டுல எம்.ஜி.ஆர் போன பிறகு 1988-ல ஜானகி அம்மா வந்தது உனக்கு தெரிஞ்ச கதைதான். இத நான் அவங்க திறமைய குறைச்சு சொல்லல. பேரு எழுதற எடத்துல ஏற்கனவே தெரிஞ்ச ஒரு வீட்டுப் பேரு இருந்தா பேனா தானா ஓடுதுன்னு சொல்றேன்.

இத வெச்சு நம்ம ஊர பாரு. சென்னை மாகாணம் 1921-லயே பெண்களுக்கு ஓட்டு குடுத்திச்சு. முத்துலட்சுமி ரெட்டி 1927-ல மாகாண சட்டசபைக்குள்ள போய் துணைத்தலைவரே ஆனாங்க, அதுவும் தேர்தல்ல நின்னு இல்ல, நியமனத்துல, யாரோ பேரு எழுதினதாலதான். போனவங்க சும்மா இருக்கல, தேவதாசி முறைய ஒழிக்கணும்னு தீர்மானம் கொண்டு வந்தாங்க. இன்னிக்கு தமிழ்நாட்டுல ஆம்பள ஓட்டர விட பெண் ஓட்டர் அதிகம். ஜெயலலிதாவுக்கு கோடிக்கணக்கான பேரு ஓட்டு போட்ட ஊரு அது, பொம்பளைன்னு யாரும் மாட்டேன்னு சொல்லல. அப்ப ஏன் 12? பெரிய கட்சிங்க குடுக்கற சீட்டே கை விரல்ல எண்ணற மாதிரி. ரெண்டு பெரிய கட்சியும் ஆளுக்கு பதினஞ்சுக்கு மேல பெண்கள நிறுத்தல 2021-ல. கேட்டா பணம் செலவு பண்ண முடியுமா, அந்தத் தொகுதி சாதிக்கு செட்டாகுமா, ஜெயிப்பாங்களான்னு சொல்லுவாங்க. நாம் தமிழர் கட்சி 117 பெண், 117 ஆண்னு சரிபாதி நிறுத்திச்சு, ஆனா அந்தக் கட்சி ஒரு தொகுதியும் ஜெயிக்கல. அதனால எத்தன பேர நிறுத்தறாங்கன்னு மட்டும் பாக்காத, ஜெயிக்கற கட்சி ஜெயிக்கற தொகுதில நிறுத்துதான்னு பாரு.

உள்ளாட்சில பாதி இடம் பெண்களுக்குன்னு சட்டமே இருக்கறதால அங்க ஆயிரக்கணக்குல வந்துட்டாங்க. வந்த பிறகும் புருஷன் போய் நாற்காலில உக்காந்துக்கறது இருக்கு, 2020-ல கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டைல தலித் ஊராட்சித் தலைவிய மீட்டிங்ல தரைல உக்கார வெச்ச போட்டோ வந்து ஊரே பாத்துச்சு. சாதி இத எப்படி கெட்டியா புடிச்சிருக்குன்னு உன் ப்ராஜெக்ட்ல தனியா ஒரு அத்தியாயமே எழுதலாம். நாகாலாந்து இன்னொரு மாதிரி. அங்க பெண்கள் படிச்சவங்க, வேலைக்கு போறவங்க, வரதட்சணை கிடையாதுன்னு பெருமையா சொல்லுவாங்க, ஆனா 1963-ல மாநிலமானதுலேர்ந்து 2023 வரைக்கும் சட்டசபைக்கு ஒரு பெண் கூட போகல. 2017-ல நகராட்சில 33 சதவீதம் குடுக்கப் போறாங்கன்னதும் எங்க வழக்கத்துக்கு விரோதம்னு கலவரமே ஆச்சு.

வழக்கம்ங்கறது யாரோ எழுதி பூட்டி வெச்சதும் இல்ல. இங்க லிம்போபோ பக்கம் வலோயி மக்கள் தங்களுக்கு ஒரு பெண் தலைவியா வரலாம்னு அவங்களே முடிவு பண்ணாங்க, ஆம்பள வாரிசு கேஸ் போட்டாரு, 2008-ல அரசியல் சட்ட நீதிமன்றம் வழக்கத்த மாத்தறது அந்த ஜனங்களோட உரிமைதான்னு சொல்லிடுச்சு. மொரீஷியஸ்லயும் பாரு, நம்ம தமிழாளுங்க இருக்கற ஊரு, உள்ளாட்சி வேட்பாளர்ல மூணுல ஒண்ணு பெண்ணா இருக்கணும்னு சட்டம் போட்டதும் 2012-ல ஒரே தேர்தல்ல ஆறு சதவீதம் கிட்ட இருந்தது கால்வாசிய தாண்டிச்சு. அதே ஜனங்க, அதே கோயில், அதே மாமியார்.

இந்தியால 2023-ல 106-வது திருத்தம் வந்து சட்டசபைங்கள்ல மூணுல ஒரு பங்குன்னு எழுதியாச்சு, ஆனா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தொகுதி மறுசீரமைப்பு முடிஞ்சாத்தான்னு கூடவே எழுதியாச்சு. அதுக்காக காத்துக்கிட்டு இருக்கறப்பவே கட்சிங்க தானா செய்யலாம், ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் எந்த சட்டத்துக்கும் காத்திருக்கல.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு வழி சொல்றேன். பெண்கள் ஏன் அரசியலுக்கு வர தயங்கறாங்கன்னு பெண்கள்கிட்டயே கேள்வித்தாள் குடுக்காத, எல்லாரும் அதத்தான் பண்றாங்க. உங்க மாவட்டத்துல ஒவ்வொரு கட்சிலயும் வேட்பாளர் நேர்காணல் நடத்தறது யாரு, அந்த மேஜைக்கு பின்னாடி எத்தன பெண்கள், விருப்ப மனுவுக்கு எவ்வளவு காசு, மீட்டிங் எத்தன மணிக்கு, இத போய் எழுதிட்டு வா.

அதுக்கு முன்னாடி உங்க அம்மாகிட்ட ஒண்ணு கேளு. 1996-ல தமிழ்நாட்டுல முதல் தடவையா மூணுல ஒரு பங்கு பெண்களுக்குன்னு உள்ளாட்சித் தேர்தல் வந்தப்போ, எங்க வார்டு பெண்கள் வார்டா ஆச்சு. அக்கா டிகிரி முடிச்சு வீட்டுல இருந்தா, தெருவுல ரேஷன் கார்டு பாரம், பென்ஷன் பாரம் எல்லாருக்கும் அவதான் எழுதிக் குடுப்பா. ஊர்ப் பெரியவங்க நாலு பேரு வீட்டுக்கு வந்து அவள நிறுத்தலாமான்னு கேட்டாங்க. திண்ணைல உக்காந்து கேட்டது உங்க தாத்தாகிட்ட. தாத்தாவே வேண்டாம்னு சொல்லி காப்பி குடுத்து அனுப்பிட்டாரு. காப்பி போட்டது அக்கா, டம்ளர நான்தான் கொண்டு போய் வெச்சேன். அவகிட்ட அன்னிக்கும் யாரும் கேக்கல, அப்பறமும் யாரும் கேக்கல, நானும் கேக்கல. நீ கேளு கண்ணு. அவ சொல்றத அவ பேரப் போட்டே எழுது.